எட்டு இலக்கத்தில் எங்கள் அத்தை

தலைமை ஏற்று, என் தடுமாற்றத்தைக் கண்டு தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் தள்ளி வைத்திருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, நாள் கடந்து நூலைத் திருப்பினாலும் நயமாகவே நம்மைக் கடிந்துகொள்ளும் உதவியாளர் ஐயா அவர்களே, முன்வரிசையை முகப்பாக நின்று காக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே (சிரிக்காதீர்கள், நானும் அதே ஐயத்தோடுதான் நிற்கிறேன்), பேச்சு நீண்டால் நழுவலாம் என்று கதவோரமாகவே நிற்கும் நண்பர்களே, அனைவருக்கும் மேலாக, மூன்றாவது நாற்காலியில் நீலச் சால்வை போர்த்தி அமர்ந்திருக்கும் என் அத்தையே, என் கணவரைப் பெற்ற தாயே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நூலகத்தின் ஆண்டு விழாவில் வாசகர் ஒருவர் தமக்குப் பிடித்ததைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். போன ஆண்டு பேசியவர் கடலைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய ஆண்டு பேசியவர் நிலவைப் பற்றிப் பேசினார். நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் தெரியுமா? ஒரு தொலைபேசி எண்ணைப் பற்றி.

யார் அங்கே, "யார் நம்பர்?" என்று கேட்பது? எங்கள் வீட்டு எண்தான். எழுதிக்கொள்ள வேண்டாம், பகலில் எடுக்க மாட்டேன்.

73939133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. இது ஒரு பகா எண். பகா எண் என்றால் என்ன? ஒன்றாலும் தன்னாலும் அன்றி, வேறு எவராலும் மீதியில்லாமல் பங்கு போட முடியாத எண். பன்னிரண்டைப் பாருங்கள், இரண்டு கேட்டால் இரண்டுக்கு இணங்கும், மூன்று கேட்டால் மூன்றுக்கு இணங்கும், நான்கு கேட்டால் நான்குக்கும் இணங்கும். பதின்மூன்றைக் கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்று நிற்கும். அந்த மாட்டேன் இருக்கிறதே, அதன் மேல்தான் எனக்குக் காதல்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் இந்த நூலகத்தின் கணித அலமாரி, கீழிருந்து இரண்டாவது தட்டு. அங்கே ஒரு பழைய நூலின் கடைசிப் பக்கங்களில் பத்தாயிரம் வரை உள்ள பகா எண்களெல்லாம் பட்டியலாக இருக்கின்றன. எனக்கோ எதையும் எழுதி வைக்கும் பழக்கம். பால் எத்தனை லிட்டர், மழை எத்தனை நாள், கடவுளிடம் எத்தனை முறை கோபித்துக்கொண்டேன், எல்லாம் குறிப்பேட்டில் உண்டு. அப்படிப்பட்டவள் கையில் அந்தப் பட்டியல் கிடைத்தால் சும்மா இருப்பேனா?

இப்போது என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பணியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவர். காதில் கருவி, கையில் கம்பி, கண்ணெதிரே விளக்குப் பலகை. ஊரில் யார் யாரோடு பேச நினைத்தாலும் நடுவில் என் அத்தையின் விரல் வேண்டும். பணியில் இருப்பவர் வீட்டுக்கு ஓர் இணைப்பு தந்தார்கள். ஊர் சிறியது, எண்ணும் சிறியது: 739. ஊர் பெருகப் பெருக, எல்லா எண்களின் வாலிலும் ஓர் இலக்கம் கூட்டினார்கள். என் கணவர் பிறந்தபோது 7393. என் கொழுந்தனார் பிறந்தபோது 73939. நான் மருமகளாக வந்தபோது 739391. பிறகு 7393913. கடைசியாக 73939133.

இந்த வரிசையை ஒரு பகலில் குறிப்பேட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். நூலின் பட்டியலைப் பார்த்தேன். 739 இருக்கிறது. 7393 இருக்கிறது. அடடா என்று அடுத்ததை நானே வகுத்துப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வகுத்தல்கள்; அசையவில்லை. அதற்கடுத்த எண்ணுக்கு நூற்று நாற்பத்தொன்பது, அசையவில்லை. ஏழு இலக்கமும் அசையவில்லை. வாலிலிருந்து ஒவ்வோர் இலக்கமாக உதிர்த்துக்கொண்டே வாருங்கள்; மிஞ்சுவது ஒவ்வொரு முறையும் பகா எண். 739இல் ஒன்பதை எடுத்தால் 73, அதுவும் பகா எண். மூன்றையும் எடுத்தால் ஏழு, அதுவும் பகா எண். இழந்தாலும் இளைக்காத எண்ணை, குறைந்தாலும் குலையாத எண்ணை, நாங்கள் வீட்டு மூலையில் தூசு தட்டி வைத்திருந்திருக்கிறோம்!

எட்டு இலக்கம் மட்டும் பாக்கி. ஓர் எண் இரண்டாகப் பிரிந்தால், அதில் ஒரு பங்காவது சிறியதாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தச் சிறிய பங்குக்கு ஓர் எல்லை உண்டு. எங்கள் எண்ணுக்கு 8597 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை மொத்தம் ஆயிரத்து எழுபது.

என் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவர் கேட்டார்: "ஏம்மா, செல்லுல தட்டினா ஒரு நிமிஷத்துல சொல்லிடுமே. எதுக்கு இந்தப் பாடு?"

"கடையில சாப்பாடுகூட ஒரு நிமிஷத்துல குடுக்கிறான். நாளையிலேருந்து அங்கயே சாப்பிடுறீங்களா?" என்றேன்.

"நீ வகு தாயே, வகு" என்று போய்விட்டார்.

ஒரு பக்கத்துக்கு இருபது வகுத்தல், ஒரு பகலுக்கு நான்கு. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்த பிறகு, அத்தை கூடத்து நாற்காலியில் சாய்ந்திருக்க, பக்கத்திலேயே அமர்ந்து வகுப்பேன். பெரிய எண்ணிலிருந்து தொடங்கிச் சிறிய எண்ணுக்கு இறங்கினேன். ஏன்? பாத்திரம் தேய்ப்பவர்களுக்குத் தெரியும்; பெரிய அண்டாவை முதலில் தேய்த்துவிட்டால் கரண்டிகளெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே முடிந்துவிடும். ஒவ்வொரு புதிய பக்கத்தின் தலையிலும் எங்கள் எண்ணை முந்தைய பக்கத்திலிருந்து எடுத்து எழுதுவேன். சரியாக எழுதினேனா என்று இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பேன். கூட்டினால் முப்பத்தெட்டு வர வேண்டும். வந்தால் ஒரு சரி போட்டுவிட்டு மேலே போவேன். கணக்கு எழுதுகிறவளின் காவல் அது. அந்தக் காவலை நம்பினேன். எவ்வளவு நம்பினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மாதங்களில்தான் அத்தைக்கு மறதி வந்தது. கண்ணாடியை மறந்தார், அது எல்லோருக்கும் உள்ளது. பிறகு மாத்திரை சாப்பிட்டதை மறந்தார். ஒரு நாள் மருத்துவர், "உங்க வீட்டு போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்று கேட்டார். முப்பத்து நான்கு ஆண்டு ஊருக்கே எண் சொன்னவர் ஏழு இலக்கம் சொல்லி நிறுத்தினார். கடைசி இலக்கமான மூன்று இல்லை. மூன்று மாதம் கழித்து ஆறு இலக்கம்.

மருத்துவர் சொன்னார்: "கடைசியா வந்தது முதல்ல போகும்மா. பழசு நிக்கும். பழகின இடத்துல இருந்தா கொஞ்சம் நிதானமாப் போகும்."

புரிகிறதா என் தாய்மார்களே? வாலிலிருந்து உதிர்கிறது. நான் வகுத்துக்கொண்டிருந்த எண்ணைப் போலவே, என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தவரும் வாலிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் என் கொழுந்தனார் வந்தார். மருந்துக் கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர், அதோ ஐந்தாவது வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள். நிமிருங்கள் தம்பி, நல்லதைத்தான் சொல்லப்போகிறேன்.

"அண்ணி, அம்மா உங்ககிட்டயே இருந்தா எப்படி? எனக்கும் அம்மாதானே? ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் எங்க வீட்டுல. லிஃப்ட் இருக்கு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு."

இதில் எந்தச் சொல்லை நான் குறை சொல்வேன்? பெற்றவளை யார் வைத்துக்கொள்வது என்று பந்தாடும் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று இரண்டு பிள்ளைகளும் கை நீட்டினால், நடுவே நிற்கும் மருமகள் என்ன சொல்ல முடியும்? என் கணவருக்கும் தம்பியிடம் மறுத்துப் பேச நாக்கு எழவில்லை. மருத்துவர் சொன்ன பழகிய இடம் மட்டும் என் நெஞ்சில் முள்ளாய் நின்றது. நான் சொன்னால், மாமியாரைப் பிடித்து வைத்துக்கொள்கிறாள் என்று ஆகிவிடாதா?

"நாப்பது நாள் பொறுங்க தம்பி" என்றேன். நாற்பது நாளில் என் வகுத்தல் முடியும்.

அன்று கடவுள் முன் நின்று நான் ஓர் ஒப்பந்தம் போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தக் கதை நிற்காது. "இறைவா, இந்த எண் வகுபட்டால் அத்தையையும் வகுத்துக்கொள்கிறோம், வாய் திறக்க மாட்டேன். வகுபடாவிட்டால் வாய் திறப்பேன். தைரியத்தை நீ கொடு." பேசத் துணிவில்லாதவள் பாரத்தை எண்ணின் தலையில் ஏற்றினேன், எண்ணைக் கொண்டுபோய் ஆண்டவன் தலையில் ஏற்றினேன்.

ஒவ்வொரு நாளும் நான்கு. தொண்ணூற்றேழு போனது, மீதி பத்து. எழுபத்தொன்று போனது, மீதி பதினேழு. முப்பத்தொன்று போனது, மீதி பத்து. ஐம்பத்து மூன்று பக்கங்கள் நிறைந்தன. ஆயிரத்து அறுபது வகுத்தல்கள். ஓர் இடத்திலும் சுழியம் இல்லை. இன்னும் பத்தே பத்து. ஐம்பத்து நான்காம் பக்கத்தைத் திருப்பினேன். எண்ணைத் தலையில் எழுதினேன். கூட்டினேன், முப்பத்தெட்டு. சரி போட்டேன். இருபத்தொன்பதால் வகுத்தேன்.

மீதி இல்லை.

பெருக்கிப் பார்த்தேன். இருபத்தைந்து லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து முந்நூற்று எழுபத்தேழை இருபத்தொன்பதால் பெருக்கினேன். அச்சடித்தாற்போல் மேலே இருந்த எண் வந்தது. மறுபடி பெருக்கினேன். மறுபடி வந்தது. பத்து மாதம் சுமந்தேன் ஐயா, பத்து மாதம். சுமந்தது பிறந்தபோது அது என் பிள்ளையாக இல்லை.

என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, அன்று மாலை தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சின்ன நம்பர்லேருந்து ஆரம்பிச்சிருந்தா மூணாவது நாளே தெரிஞ்சிருக்குமேக்கா." உண்மைதான். அண்டாவில் தொடங்கிய ஆணவம் கரண்டியில் வழுக்கி விழுந்தது.

சொன்ன சொல் சொல்தானே? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மதியம் அத்தையின் பெட்டியை எடுத்தேன். நான்கு சேலை, சால்வை, கண்ணாடி, மாத்திரைச் சீட்டு. மடிக்கிறேன், கண் நிறைகிறது, மீண்டும் பிரித்து மடிக்கிறேன். அத்தை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரும்மா ஊருக்குப் போறாங்க?"

"நீங்கதான் அத்தை. சின்னவர் வீட்டுக்கு."

"நல்லது. நீயும் வர்ற இல்ல?"

குறிப்பேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விரல் வைத்து, இலக்கம் இலக்கமாக, வாய்விட்டுப் படித்தேன்; செத்தவர் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதில்லையா, அப்படி. "ஏழு, மூணு, ஒம்பது, மூணு, ஒண்ணு, ஒம்பது..."

"மரக்கடைம்மா அது" என்றார் அத்தை.

"என்ன அத்தை?"

"ஏழு மூணு ஒம்பது மூணு ஒண்ணு ஒம்பது மரக்கடை. நம்ம வீடு ஒம்பது ஒண்ணு. யாரு வேணும் உனக்கு? மரக்கடையா, வீடா?"

முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். ஐம்பத்து மூன்றாம் பக்கத் தலையில் 73939133. ஐம்பத்து நான்காம் பக்கத் தலையில் 73931933. ஒன்பதும் ஒன்றும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன! இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறுமா? மாறாதே. அதே முப்பத்தெட்டு. நான் வைத்த காவல்காரன், வீட்டு ஆட்களே இடம் மாறி உட்கார்ந்ததைப் பார்த்து, தலையை எண்ணி, சரியாக இருக்கிறது என்று சலாம் போட்டிருக்கிறான். பெருக்கிப் பார்த்ததும் சரிதான். தப்பான எண்ணைச் சரியாகவே பெருக்கியிருக்கிறேன்.

இரண்டாம் வரிசையில் மரக்கடை ஐயா கையைத் தூக்குகிறார். என்ன ஐயா? "எங்க பழைய நம்பர்தான்" என்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள், சாட்சி சபையிலேயே இருக்கிறது. ஐயா, பத்து மாதம் என் வீட்டை வகுத்தேன். ஒரே ஒரு மதியம் உங்கள் கடையை வகுத்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரியான எண்ணை எழுதினேன். இருபத்தொன்பதால் வகுத்தேன். மீதி எட்டு. அந்த எட்டைப் பார்த்து நான் அழுததைப் போல், வேறு எந்த எட்டைப் பார்த்தும் எவளும் அழுதிருக்க மாட்டாள். மிச்சம் ஒன்பது வகுத்தல்களை மறுநாளுக்கு வைத்தேன். தனியாகச் செய்ய மனம் வரவில்லை.

ஞாயிறு காலை வந்தார்கள். பெட்டி வாசலருகே இருக்கிறது. நான் குறிப்பேட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

"அண்ணி, கிளம்பலாமா?"

"ஒம்பது வகுத்தல் இருக்கு தம்பி. உட்காருங்க."

என் கணவர் தம்பியிடம் கண்ணைக் காட்டினார், உட்கார் என்று. இருபத்து மூன்றுக்கு மீதி இருபத்தொன்று. பத்தொன்பதுக்கு ஆறு. பதினேழுக்குப் பதின்மூன்று. ஓரகத்தி என் தோளருகே வந்து எட்டிப் பார்த்தாள். பதின்மூன்றுக்கு எட்டு. பதினொன்றுக்கு நான்கு. ஏழுக்கு இரண்டு. ஐந்துக்கு மூன்று. மூன்றுக்கு இரண்டு. கடைசியாக இரண்டுக்கு ஒன்று. பென்சிலைக் கீழே வைத்தேன். பிறகு வாய் திறந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் நான் அவ்வளவு பேசியதில்லை. ஒப்பந்தத்தைச் சொன்னேன், மரக்கடையைச் சொன்னேன், மருத்துவர் வார்த்தையைச் சொன்னேன்.

கொழுந்தனார் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அண்ணி, நம்பர் வேற, மனுஷி வேற. நம்பர் வகுபடலேங்கிறதுக்காக அம்மாவ எனக்கு இல்லேன்னு சொல்வீங்களா?"

நியாயம்தானே? சபையோரே, நீங்களே சொல்லுங்கள், நியாயம்தானே? ஓர் எண் எப்படி ஒரு குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொல்லும்? கடவுளைக் கணக்குப் பரீட்சைக்கு உட்கார வைத்தது என் பேதைமை. அதை அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

"சரிதான் தம்பி. நம்பர விட்ருங்க. அம்மாகிட்ட கேளுங்க."

அவர் நாற்காலி அருகே மண்டியிட்டார். "அம்மா, நம்ம வீட்டு நம்பர் என்னம்மா?"

அத்தை விளக்குப் பலகையைப் பார்ப்பவர்போல் நிமிர்ந்தார். "ஏழு மூணு ஒம்பது மூணு ஒம்பது ஒண்ணு."

"எங்க வீட்டு நம்பர்மா? என் வீட்டு நம்பர்?"

அத்தை தேடினார். விரல் காற்றில் கம்பியைத் தேடியது. "உனக்குத் தனி நம்பரா?" என்றார். "நீ எப்போ கூப்பிட்டாலும் இந்த நம்பருக்குத்தானேப்பா கூப்பிடுவே? நான்தானே எடுப்பேன்?"

ஓரகத்திதான் எழுந்தாள். வாசலருகே இருந்த பெட்டியைத் தூக்கினாள். உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து கணவரைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தைய நாம கூட்டிட்டுப் போக வேண்டாங்க. நாம வருவோம். வாரத்துல ரெண்டு நாள் இங்க வந்து தங்குவோம். அக்கா, எனக்கும் ஒரு பாய் இருக்கும்ல?"

"ரெண்டு இருக்கு" என்றேன்.

அன்று முதல் வெள்ளி மாலை வருகிறார்கள், ஞாயிறு மாலை போகிறார்கள். மருந்துச் சீட்டு தம்பியின் பொறுப்பு. தலை வாரிவிடுவது ஓரகத்தியின் பொறுப்பு. எனக்கு அந்த நேர்த்தி வராது என்று அத்தையே சொல்லிவிட்டார். அத்தை வகுபடவில்லை. நாங்கள்தான் அவர் பக்கத்தில் வந்து கூடிக்கொண்டோம்.

பிறகு நூலகர் அம்மையார் தேடி எடுத்துத் தந்த நூலில் ஒரு செய்தி படித்தேன். இப்படி வாலிலிருந்து உதிர்த்தாலும் ஒவ்வொரு நிலையிலும் பகா எண்ணாகவே நிற்கும் எண்கள் உலகத்தில் மொத்தமே எண்பத்து மூன்று. அவற்றில் ஆகப் பெரியது எது தெரியுமா? எங்கள் எண்தான். இதன் வாலில் இனி எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் அது பகா எண்ணாக இராது. வளர வேண்டியதெல்லாம் வளர்ந்து முடித்த எண். அத்தைக்கும் வயது எண்பத்து மூன்று என்று சொன்னால் மேடைக்கு அழகாக இருக்கும். ஆனால் எண்பத்தொன்றுதான் ஆகிறது. அது ஒன்பதால் வகுபடும். போகட்டும்.

இன்று காலை அத்தையிடம் எண்ணைக் கேட்டேன். ஐந்து இலக்கம் சொன்னார். நான் மருமகளாக வந்தபோது சேர்ந்த அந்த ஒன்று போய்விட்டது. கொஞ்ச நாளாக அவர் என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "ஏம்மா" என்கிறார், "நல்ல பொண்ணு" என்கிறார். நாளை நான்கு இலக்கம் ஆகலாம். பிறகு மூன்றாகலாம். ஒரு நாள் ஏழு மட்டும் மிஞ்சலாம். எனக்கு வருத்தம் இல்லையா? இருக்கிறது. ஆனால் பயம் இல்லை. ஆயிரத்து எழுபது முறை வகுத்துப் பார்த்தவள் சொல்கிறேன்: உதிர உதிர மிஞ்சுவது உடைந்ததன்று. ஐந்தாக நின்றாலும் முழுமை. மூன்றாக நின்றாலும் முழுமை. ஏழு என்று ஒற்றைச் சொல்லாக நின்றாலும், அது எங்கள் அத்தையின் முழுமை. எந்தக் கத்தியும் அதற்குள் இறங்காது.

இந்த மேடை ஏறும் முன் படியருகே தயங்கி நின்றேன். அத்தை என் கையைப் பிடித்து, பழைய பணியிடத்துக் குரலில் சொன்னார்: "லைன் குடுத்தாச்சும்மா. பேசு."

பேசிவிட்டேன். இவ்வளவு நேரம் எதிர்முனையில் பொறுமையோடு காது கொடுத்த பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், எண்ணை விட்டுக்கொடுத்த மரக்கடை ஐயாவுக்கும், பெட்டியை உள்ளே வைத்த என் தங்கைக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அடுப்பை அணைக்காமல் வந்தவர்கள் இப்போது ஓடலாம். எல்லோரும் நலமாக வாழ இறைவனை வேண்டுகிறேன். இந்த முறை ஒப்பந்தம் எதுவும் போடவில்லை.

அத்தை, உங்கள் மருமகள் பேசி முடித்துவிட்டேன். லைனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வணக்கம்.